கழகங்கள் நிறைந்த நாட்டில் ஒரு கால்பந்துக் கழகம்

சில வாரங்களுக்கு முன் எங்கள் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கால்பந்தில் வந்து நின்றது. நண்பர் ஒருவர், நிறைய வாசித்தவர், தயக்கமே இல்லாமல் சொன்னார்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்குக் கால்பந்து மரபு என்று ஒன்று கிடையாது, இருந்திருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள். முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது வாக்கியம்தான் எங்களைத் தொந்தரவு செய்தது. எழுதப்படாதது நிகழவே இல்லை என்று தீர்ப்பளிக்கும் மனநிலையை எதிர்த்துத்தான் தமிழில் சிறுபத்திரிகைகள் இத்தனை காலம் நடந்தன. அதே மனநிலை நம் கூட்டத்துக்குள்ளேயே வந்து நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதைக் கண்ட எரிச்சலில் இதை எழுதுகிறோம்.

மூர்மார்க்கெட் வளாகத்தில் ஆவடி மின்ரயில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்லப்போவது புதிதல்ல. பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் வியாசர்பாடி ஜீவா. ப. ஜீவானந்தத்தின் பெயரைச் சுமக்கும் இந்த நிலையத்துக்கு வெளியே விரியும் குடியிருப்புகளிலிருந்துதான் இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வந்தார். அடுத்து பெரம்பூர், கேரேஜ், லோகோ. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். இந்த இடத்தில்தான். பின் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர். 1949இல் டி.ஐ. சைக்கிள், 1959இல் டன்லப், 1964இல் தொழிற்பேட்டை. திருமுல்லைவாயில், அன்னனூர் கடந்தால் ஆவடி. 1961இல் நிறுவப்பட்டு 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை. இந்தத் தடம் நெடுக, ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்லையும் செருப்பையும் கோல் கம்பமாக நட்டு ஆடாத வெற்றிடத்தைப் பார்ப்பது அரிது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் மைதானத்தின் நடுவிலும், கால்பந்து ஆடுகிறவர்கள் ஓரத்திலுமாக ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒருவர் பந்து மற்றவர் மண்டையில் விழும்போது மட்டும் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஆட்டம் இல்லை என்று சொல்கிறவர் ரயிலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போகிறவராகத்தான் இருக்க முடியும்.

திறமையும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன்கள் ஆனார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. ஆக, ஆட்டம் உண்டு, ஆட்டக்காரர்கள் உண்டு, வேலியோரம் நின்று கத்துகிறவர்களும் உண்டு. மேற்குப் புறநகரில் இல்லாதது கழகம்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு சின்ன விலகல். ‘கிளப்’ என்பதற்குத் தமிழில் கழகம் என்று அழகாகப் பெயர்த்துவைத்தோம். ஆனால் 1944இலிருந்து அந்தச் சொல்லை அரசியல் கட்சிகள் எடுத்துக்கொண்டன. அதற்கும் வெகுகாலம் முன்பு, திருக்குறளின் சூது அதிகாரத்தில், கழகம் என்றால் சூதாடும் இடம். இன்று இந்தியக் கால்பந்துக் கழகங்களின் உரிமம் கைமாறும் விதத்தைப் பார்த்தால் வள்ளுவரின் பொருள்தான் இன்னும் செல்லுபடியாகும்போலத் தோன்றுகிறது.

சென்னை லீகில் பல ஆண்டுகளாக ஆடிவந்த அணிகளின் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படியுங்கள்: இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை, சுங்கத்துறை, இந்திய உணவுக் கழகம், கணக்குத் தணிக்கை அலுவலகம். மத்திய அரசின் தொலைபேசி அடைவு போலிருக்கிறது. இடையிடையே தனியார் சங்கங்களின் பெயர்கள் வரும். ஊர்ப் பெயர் என்று பார்த்தால் அபூர்வம். அம்பத்தூர் ஆவடியோடு மோதியது, கொரட்டூர் வில்லிவாக்கத்தை வென்றது என்ற செய்தியை லீக் பட்டியலிலிருந்து நம்மால் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை. வருமான வரித்துறை சுங்கத்துறையை இரண்டுக்கு ஒன்று வென்றால், உலகில் யார் அழுவார்கள்?

அவசரப்பட்டு நியாயம் தவறவும் கூடாது. விளையாட்டு ஒதுக்கீடு என்ற ஏற்பாடு வடசென்னையிலும் மேற்கிலும் செய்த காரியம் சாதாரணமானதல்ல. படிப்பு பாதியில் நின்றுபோன ஒரு பையன், இடது காலால் நன்றாக உதைக்கத் தெரிந்த ஒரே தகுதியில், ரயில்வேயிலோ வங்கியிலோ நிரந்தர வேலையில் அமர்ந்தான். அவன் தங்கை படித்தாள், வீட்டுக்குக் கூரை மாறியது. எந்த இலக்கிய இயக்கமும் இப்படி ஒரு குடும்பத்தைக் கரையேற்றியதாக எங்களுக்குத் தெரியவில்லை. இந்தியன் வங்கி அணி 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தேசிய கால்பந்து லீகில் ஆடியதை நினைத்து இப்போதும் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நாங்களும் அவர்களில் சேர்த்தி. இன்னும் பின்னால் போனால், 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது நீலகிரி வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். பீட்டர் தங்கராஜ் என்ற மகத்தான கோல்காப்பாளர் அந்த அணியில் உருவானவர்தான். ஆனால் அந்தக் கோப்பைகள் ராணுவத்தின் கோப்பைகள். குன்னூர்க்காரர் அவற்றுக்கு உரிமை கொண்டாட முடியாது. தங்கராஜும் பிற்பாடு கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்குப் போய்த்தான் புகழின் உச்சியைத் தொட்டார்.

அணி நிறுவனத்தின் சொத்தாக இருக்கும்போது அதன் ஆயுள் ஒரு சுற்றறிக்கையின் தூரம்தான். பஞ்சாபின் பக்வாரா என்ற ஆலை ஊரில் ஜே.சி.டி. அணி இருந்தது. 1996-97இல் நடந்த முதல் தேசிய லீகின் சாம்பியன். 2011இல் நிறுவனம் அணியைக் கலைத்தது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டது. பக்வாரா மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அது அவர்களுடையதாக ஒருபோதும் இருந்ததில்லையே.

இங்கே எதிர்வாதம் வரும். கழகம் ஊருடையதாக இருப்பதென்றால் என்ன, நடைமுறையில் அது சாத்தியமா என்று. பார்சிலோனாவையும் லிவர்பூலையும் காட்டுவது நம்மவர் வழக்கம். அவை நம் கேள்விக்கு உதவாத மலைகள். அம்பத்தூரோடு ஒப்பிடத் தகுந்த ஊர், உலைகளும் தொழிற்சாலைகளும் வந்து, வளர்ந்து, மூடிப்போன ஊர், வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. பெயர் மெர்தர் டிட்ஃபில்.

1804 பிப்ரவரியில் நீராவி எஞ்சின் ஒன்று முதன்முதலாகத் தண்டவாளத்தில் பாரம் இழுத்து ஓடியது இந்த ஊரின் பெனிடாரன் இரும்பு ஆலையிலிருந்துதான். ஒருவகையில் ஐ.சி.எஃப். தொழிலாளிக்கும் தூரத்துப் பூர்வீகம் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸிலேயே மிகப் பெரிய ஊர். சுற்றிலும் நான்கு இரும்பு ஆலைகள். பிறகு எல்லாம் இறங்குமுகம். மெர்தர் டவுன் என்ற கழகம் 1920இலிருந்து பத்தாண்டுகள் இங்கிலாந்தின் தேசிய லீகில் ஆடியது. 1930இல் ஊரின் எஃகு உற்பத்தி நின்றது. அதே ஆண்டு கழகத்தையும் லீகிலிருந்து வாக்களித்து வெளியேற்றினார்கள். 1934இல் அது இறந்தது. 1945இல், போர் முடிந்த கையோடு, மெர்தர் டிட்ஃபில் என்ற பெயரில் புதிய கழகம் பிறந்தது. 1987இல் வேல்ஸ் கோப்பையை வென்று ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டிக்குத் தகுதிபெற்றது; அந்தச் செப்டம்பரில், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள், இத்தாலியின் அட்லாண்டாவைத் தங்கள் பெனிடாரன் பார்க் மைதானத்தில் 2-1 என்று வீழ்த்தினார்கள். திரும்ப ஆடிய ஆட்டத்தில் 0-2 என்று தோற்று வெளியேறினார்கள். தோற்கடித்த அட்லாண்டா அந்தப் பருவத்தில் அரையிறுதிவரை போனது.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம் வைத்திருக்கிறது. 1948இலிருந்து அந்த ஊரில் சலவை இயந்திரம் செய்துவந்த ஹூவர் தொழிற்சாலை 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. டி.ஐ. சைக்கிளின் வயதுதான் அந்தத் தொழிற்சாலைக்கும். 2010இல் கழகமும் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. தொழிற்சாலையை ஊர்க்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கழகத்தை விடவில்லை. ரசிகர்கள் தங்கள் அறக்கட்டளையின் பெயரில், மெர்தர் டவுன் என்ற பழைய பெயரையே சூட்டி, மூன்று படிநிலை கீழே இறங்கி, முதல் பருவம் சொந்த மைதானம்கூட இல்லாமல் பக்கத்து ஊரில் ஆடித் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பெனிடாரன் பார்க்குக்குத் திரும்பினார்கள். 2025இல் தெற்கு லீகின் முதன்மைப் பிரிவை வென்று மேலே ஏறினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. பணக்காரருக்கு இரண்டு வாக்கு கிடையாது.

இப்போது சொல்லுங்கள், இரண்டு முறை செத்த இந்தக் கழகத்துக்கு எப்படி நூறாண்டு வரலாறு இருக்கிறது? சொந்தம் கொண்டாட ஆள் இருந்தது. சாவைக் குறித்துவைக்கவும், பழைய பெயரைத் தோண்டியெடுத்து மறுபடி சூட்டவும் அந்த ஆட்களால் முடிந்தது. வெற்றி தோல்வி எல்லாம் அதற்குப் பிறகு வருவது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1946இல் தொடங்கிய சங்கமொன்றின் தொடர்ச்சியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17 பருவத்தில் ஐ-லீகில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. முதல் பருவம் சென்னையில் ஆடியது. அடுத்த பருவம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது, பெயரில் சென்னையை வைத்துக்கொண்டே. சென்னைக்காரன் பார்க்க முடியாத சென்னை அணி. கோவைக்காரன் தன் ஊர்ப்பெயரைக் கூவ முடியாத கோவை அணி. இருந்தும் கோவை மக்கள் வந்தார்கள். 2019 மார்ச் 9 அன்று, கடைசி ஆட்டத்தில், தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பெட்ரோ மான்சியின் பெனால்டியாலும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களாலும் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் பட்டம். எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் அந்த அணியில் ஆடினார்கள். அன்றைய இரவில் எங்களில் சிலர் தொண்டை கட்டும்வரை கத்தினோம். மறுக்கவில்லை.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆசியச் சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பும் வந்தது. பெருந்தொற்று வந்து, 2020-21 பருவம் முழுவதும் மேற்கு வங்கத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள் முடியவில்லை. எங்கும் ஊர்வலமில்லை, கண்டனக் கூட்டமில்லை. ஒரு சுவரொட்டியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. திரைப்பட நாயகனின் படம் ஒருநாள் தள்ளிப்போனால் கொதிக்கும் மாநிலம் இது. மக்களுக்கு அக்கறையில்லை என்று இதை விளக்குவது சோம்பேறித்தனம். அது யாருடையதோ, யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். வாடகை வீட்டுக்காரர் காலி செய்தால் தெரு அழுமா?

முதலாளி வரட்டும், பணம் வரட்டும், பிறகு மரபு தானாக வளரும் என்பவர்களுக்கு இன்னோர் உதாரணமும் கைவசம் உண்டு. 2014இல் பிறந்த சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்றது. திரை நட்சத்திரமும் கிரிக்கெட் நட்சத்திரமும் உரிமையாளர்கள். நேரு விளையாட்டரங்கில் உண்மையான ரசிகர் கூட்டமும் உருவானது. ஆனால் 2010இல் 15 ஆண்டுகளுக்குக் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் ஒன்று முடியப்போகிறது என்றவுடன், 2025 ஜூலையில் லீகே நிறுத்திவைக்கப்பட்டது. செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய ஆட்டங்கள் அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவில்லை. கூட்டமைப்புக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான காகிதம் ஒன்று காலாவதியானால் ஒரு நாட்டின் முதல்நிலைக் கால்பந்து உறைந்துவிடும் என்றால், நாம் கழகங்களையா கட்டியிருக்கிறோம்?

இந்தியாவில் இதற்கு விதிவிலக்கே கிடையாது என்று யாரும் கைவிரிக்க வேண்டாம். 1889இல் தொடங்கிய மோகன் பாகன், 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை வென்றதை வங்கம் ஒரு தேசிய நிகழ்வாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. 2020இல் அதன் கால்பந்து அணி வணிக இணைப்பில் போய், பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டபோது, ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் ஓயவில்லை. பதாகை பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். 2023இல் அந்த எழுத்துகள் உதிர்ந்தன. அதற்குப் பதிலாக வேறொரு வணிகப் பின்னொட்டு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அரை வெற்றி. ஆனால் பெயருக்காகச் சண்டைபோட அங்கே ஆள் இருந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்ததைச் சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் ஆதங்கம் விளங்கும். டூரண்ட் கோப்பையில் மோகன் பாகனை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அந்த ஒற்றை கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2017இல் சென்னை சிட்டிக்கு ஆடியவர். அந்த கோலை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இனி ஐம்பது ஆண்டுகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அவர் சென்னை சிட்டிக்காக ஆடிய ஆட்டங்களை யார் யாருக்குச் சொல்வது? நம் பையனின் காலுக்கு வரலாறு கிடைத்தது, ஆனால் இன்னோர் ஊரின் வரலாறு.

எங்கள் கோபத்தில் ஒரு பங்கு எங்கள் மீதே. இலக்கிய வாசகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் ஆலைத் தொழிலாளியைப் பெரும்பாலும் வேலைநிறுத்தத்திலும், சாராயக் கடையிலும், பூட்டிய ஆலையின் வாசலிலும்தான் சந்தித்திருக்கிறோம். அவன் இரண்டாம் ஷிப்ட் முடித்து மறுநாள் காலை மைதானத்துக்குப் போவான் என்பது நமக்கு இலக்கியத்துக்கு அப்பாற்பட்ட தகவல். டன்லப் மூடியபோது எழுதப்பட்டதெல்லாம் வேலையிழப்பைப் பற்றி. சரிதான், அதுதான் முதன்மையானது. ஆனால் ஓர் ஆலை மூடும்போது அதன் மைதானமும், அதன் ஞாயிற்றுக்கிழமைகளும், யார் யாரை எந்தக் காலால் ஏமாற்றினார்கள் என்ற வாய்மொழியும் சேர்ந்தே மூடுகின்றன. மெர்தரில் அந்த வாய்மொழி கழகத்தின் பெயரில் தங்கியது. இங்கே தங்குவதற்குத் திண்ணை இல்லை. நாற்பது பக்கச் சிற்றிதழ் நான்கே இதழோடு நின்றாலும் அதன் பழைய பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலையும் நாம், நாற்பது ஆண்டுகள் ஆடிய ஓர் அணியின் ஆட்டக் குறிப்பேடு எடைக்குப் போனதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நண்பர் அன்று சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்கு இதுதான் எங்கள் பதில்: எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். தெருமுனைக் கோயிலுக்கு ஆடித் திருவிழா நடத்த ஆவடியில் எந்தத் தெருவிலாவது முதலாளி தேடிப் போகிறார்களா? ரசீதுப் புத்தகம் அச்சடித்து வீடு வீடாக ஏறுகிறோம். நூறு ரூபாய் கொடுத்தவர் பந்தலில் தன் பெயர் விடுபட்டால் சண்டைக்கு வருகிறார். அந்தச் சண்டைக்குப் பெயர்தான் உரிமை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இலிருந்தே இருக்கிறது. ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கம். ஊர்ப் பெயரில், உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியோடு, சந்தா கட்டியவரே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கால்பந்துக் கழகம் ஒன்றை அம்பத்தூரிலோ திருமுல்லைவாயிலிலோ பூந்தமல்லியிலோ பதிவு செய்ய யாருடைய கருணையும் தேவையில்லை. கடைசிப் பிரிவில் தொடங்கட்டும். தோற்கட்டும். அம்பத்தூர் தோற்றது என்று மறுநாள் டீக்கடையில் ஒருவர் வருத்தப்பட்டால் போதும். வருமான வரித்துறைக்கு அந்தப் பாக்கியம் கிட்டியதே இல்லை.

அதுவரை செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று இருக்கிறது. ஐ.சி.எஃப்., ஆவடி, பாடி, அயனாவரம் வீடுகளில், ஓய்வுபெற்ற தந்தையரின் பீரோக்களில், வரிசையாகக் கைகட்டி நிற்கும் பதினோரு பேரின் கறுப்புவெள்ளைப் படங்கள் கிடக்கின்றன. முன்வரிசையில் ஒருவர் பந்தைக் காலுக்கடியில் வைத்திருப்பார். பந்தின் மேல் சுண்ணாம்பால் ஆண்டு எழுதியிருக்கும். படத்தில் இருப்பவர்களில் யாராவது இன்னும் உயிரோடிருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.